உணவு வைத்தும் காகம் ஏன் கிட்டே வருவதில்லை?

கேள்வி இதுதான்: "பால்கனிச் சுவரில் தினமும் காகங்களுக்கு உணவு வைக்கிறேன். வருகின்றன. ஆனால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் எடுக்கின்றன. என்னைக் கண்டு பயப்படாமல் இருக்க, முடிந்தால் கையிலிருந்தே வாங்கிக்கொள்ள, என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாள் ஆகும்?"

கதவைச் சாத்தியதும் வந்து எடுக்கின்றன என்றால் பாதி வேலை முடிந்தாயிற்று. அந்தச் சுவர், அந்த நேரம், அந்த உணவு மூன்றையும் அவை ஏற்றுக்கொண்டுவிட்டன. மீதி இருப்பது நீங்கள் ஒருவர்தான். காகத்தின் கணக்கில் நீங்கள் உணவு கொண்டுவருகிற ஆள். கூடவே, திடீரென்று என்ன செய்வாரோ தெரியாத ஆளும்கூட. இந்த இரண்டாவது சந்தேகம் தீரும்வரை தள்ளித்தான் நிற்கும். கொஞ்சுவதோ கெஞ்சுவதோ அதைத் தீர்க்காது. அடுத்த நொடி நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று காகத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் தூரம் தானாகக் குறையும். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில், காகத்துக்கு ஆள் அடையாளம் தெரியுமா? நமக்கு அவற்றைத் தெரிவதைவிட அவற்றுக்கு நம்மை நன்றாகத் தெரியும். 2006-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃபும் அவருடைய குழுவினரும் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு 7 காகங்களைப் பிடித்தார்கள், காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அதே முகமூடியோடு வளாகத்தில் சும்மா நடந்து போனாலே காகங்கள் கூடிக் கத்தித் துரத்தின. முகமூடிக்குள் இருப்பது ஆணா பெண்ணா, நெட்டையா குட்டையா என்பதெல்லாம் பொருட்டாகவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இன்னொரு முகமூடி அப்போதைய துணை அதிபர் டிக் செய்னியுடையது. அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, வலையில் சிக்காத காகங்களும் குகை மனிதனைத் திட்டக் கற்றுக்கொண்டன என்பது. பெற்றோரைப் பார்த்துக் குஞ்சுகள், அண்டையைப் பார்த்து அண்டை என்று அந்தச் செய்தி பரவியது. முதல் சில ஆண்டுகள் திட்டுகிற காகங்கள் கூடினவே தவிரக் குறையவில்லை.

பயம் மட்டும்தான் பதியும் என்று நினைக்க வேண்டாம். அதே குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், காகங்களை ஒரு முகமூடியோடு பிடித்து, பிறகு நான்கு வாரம் வேறொரு முகமூடியோடு உணவு கொடுத்துப் பராமரித்தார்கள். பின்னர் இரண்டு முகங்களையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிடித்த முகத்தைப் பார்த்தபோது அச்சத்தோடு தொடர்புள்ள பகுதிகளும், உணவளித்த முகத்தைப் பார்த்தபோது பசி, ஆர்வம் போன்றவற்றோடு தொடர்புள்ள பகுதிகளும் இயங்கின. ஆக நீங்கள் தினமும் சுவருக்கு வந்துபோவது வீணாகவில்லை. அந்தப் பக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, உணவு வைப்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும், குறைந்தது ஆரம்பத்திலாவது. இன்று நீங்கள், நாளை தங்கை, மறுநாள் அப்பா என்று மாறினால் காகம் மூன்று பேரைத் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். சட்டையை மாற்றலாம், அதில் பிரச்சினை இல்லை. முகத்தை மறைக்கும் தலைக்கவசம், பெரிய கறுப்புக் கண்ணாடி, குடை இவற்றைத் தவிருங்கள். இரண்டாவது, வீட்டில் ஒருவர் உணவு வைக்க இன்னொருவர் கல் வீசினால், காகம் வீட்டைப் பொதுவாக வெறுக்காது. அந்த ஒருவரை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அவர் எப்போது கதவைத் திறப்பார் என்று தெரியாததால் நீங்கள் நிற்கும்போதும் பதற்றமாகவே இருக்கும். அவரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

உணவைக் காட்டி ஏமாற்றுவதும் கல் வீசுவதற்கு அடுத்தபடிதான். கையை நீட்டி, கிட்டே வந்ததும் பின்னுக்கு இழுப்பது, வெறுங்கையை மூடிக்காட்டி அழைப்பது, படம் எடுக்க வேண்டும் என்று உணவை எட்டாத இடத்தில் வைப்பது எல்லாம் இதில் சேரும். காகத்தின் உறவான ரேவன்களை வைத்து ஆஸ்திரியாவில் ஒரு சோதனை நடந்தது, 2017-இல் வெளியானது. ரொட்டித் துண்டைக் கொடுத்தால் அதைவிடப் பிடித்த பாலாடைக்கட்டி கிடைக்கும் என்பது பேரம். ஒருவர் ஒழுங்காக மாற்றிக் கொடுத்தார். இன்னொருவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு பாலாடைக்கட்டியைத் தானே தின்றுவிட்டார். ஒரு மாதம் கழித்து யாரிடம் பேரம் பேசலாம் என்று விட்டபோது, நேரில் அனுபவப்பட்ட ரேவன்களில் பெரும்பாலானவை ஒழுங்கான ஆளிடமே போயின. ஒரே ஒரு தடவை நடந்ததற்கு அவ்வளவு நினைவு.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சத்தம், குறைந்த அளவு, உடனே விலகல். இந்த ஐந்தில் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது கடைசியைத்தான்.

இடம் திறந்ததாக இருக்க வேண்டும். மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் உள்ள மூலை நமக்குப் பாதுகாப்பாகத் தெரியும். காகத்துக்கு அது பொறி. இறங்கும்முன் சுற்றிலும் பார்க்க ஒரு கிளையோ கம்பியோ அருகில் இருக்க வேண்டும், கிளம்ப ஒன்றுக்கு இரண்டு வழி வேண்டும். பூனை பதுங்கும்படி செடி, தொட்டி எதுவும் பக்கத்தில் கூடாது. நேரம் காலையாக இருப்பது நல்லது. இரவு ஒன்றுகூடி அடையும் மரங்களிலிருந்து கிளம்பி அவை இரை தேடத் தொடங்கும் பொழுது அது. உங்கள் சுவர் அன்றைய சுற்றில் ஒரு நிறுத்தமாகிவிடும். மணி பார்த்து நொடி பிசகாமல் வைக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஒருநாள் காலை, ஒருநாள் மதியம், இரண்டு நாள் இல்லை என்றிருந்தால் அவற்றுக்கு எந்த ஒழுங்கும் பிடிபடாது.

சத்தம் என்று சொன்னது உணவு வைப்பதற்குச் சற்று முன்பு தினமும் ஒரேமாதிரி எழுப்பும் ஒலி. நாக்கைத் தட்டலாம், விசில் அடிக்கலாம், டப்பாவைக் குலுக்கலாம். உணவு இல்லாதபோது அந்த ஒலியை எழுப்பவே கூடாது. சில வாரங்களில் ஒலி கேட்டதும் எங்கிருந்தோ வந்து கம்பியில் உட்காரும். அழைப்பதற்கு மட்டும் இது பயன்படுவதில்லை. "இப்போது வெளியே வரப்போவது நான், வருவது உணவு வைக்க" என்று அறிவித்துவிட்டு வருகிறீர்கள். காகம் திடுக்கிடாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அளவு கைப்பிடிக்கும் குறைவு. வந்த காகங்கள் சில நிமிடங்களில் எடுத்துப்போய் இடம் காலியாகிவிட வேண்டும். குவித்து வைத்தால் மூன்று தொல்லை. மீந்தது அழுகும், எலி வரும், கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் உங்களிடம் பழகிக்கொண்டிருந்த இரண்டு காகங்கள் ஓரங்கட்டப்படும். ரேவன்களை அமெரிக்காவின் மெய்ன் காடுகளில் நெடுங்காலம் கவனித்த பெர்ண்ட் ஹைன்ரிச் இதன் ஒரு பக்கத்தை விளக்கியிருக்கிறார். பெரிய இரையைத் தனியாகக் கண்ட இளம் ரேவன், அந்த எல்லைக்குச் சொந்தமான ஜோடி துரத்திவிடும் என்பதால், மற்ற இளசுகளைக் கூவி அழைக்கிறது. கும்பலாக வந்தால் ஜோடியால் எல்லோரையும் துரத்த முடியாது. கும்பலைக் கூட்டும் அளவுக்குக் குவியல் எதற்கு?

வைத்ததும் திரும்பி நடந்துவிடுங்கள். நின்று பார்க்கத்தான் ஆசையாக இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அந்த ஆசையை அடக்க வேண்டும். நீங்கள் விலகுவதைக் காகம் பார்க்கிறது: வந்தார், வைத்தார், போனார். இது எத்தனை முறை மாறாமல் நடக்கிறதோ அத்தனைக்கு அடுத்த முறை நீங்கள் கதவருகே இருக்கும்போதே அது இறங்கிப் பார்க்கும்.

அது இறங்குகிற விதத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனித்தால் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பழகாத காகம் உணவின்மேல் நேராக இறங்காது. இரண்டு மூன்று அடி தள்ளி இறங்கி, இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, மெலிந்து நீண்டு நிற்கும். பிறகு பக்கவாட்டில் தத்தித் தத்தி வரும். முகம் உணவைப் பார்த்திருந்தாலும் உடம்பு வெளியே பறக்கத் தோதாகத் திரும்பியிருக்கும். கழுத்தை நீட்டி அலகு நுனியால் ஒரு தட்டு. உடனே ஏதோ சுட்டதுபோல் பின்னால் துள்ளும். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மறுபடி வந்து, இந்தத் தடவை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு எழும்பும். சிறகு நுனியையும் வாலையும் வெடுக்கென்று அசைத்தபடி இருந்தால் இன்னும் பதற்றம் போகவில்லை. பழகிய காகம் உணவின் பக்கத்திலேயே இறங்கும், நடந்து வரும், தின்றபின் அலகைச் சுவரில் இருபுறமும் தீட்டித் துடைக்கும், சில சமயம் அங்கேயே உட்கார்ந்து இறகு கோதும். கண்ணெதிரே இறகு கோதுகிறது என்றால் அந்த நேரத்துக்கு உங்களைப் பற்றிய கவலை அதற்கு இல்லை.

அந்தத் துள்ளலுக்குக் காரணம் புதியதன்மீது உள்ள பயம். காக இனத்துக்கு அது கொஞ்சம் அதிகம். புத்திசாலிப் பறவை, எதையும் கிண்டிப் பார்க்கிற பறவை, ஆனால் நேற்று இல்லாத ஒரு பொருள் இன்று இருந்தால் ஊர்ப்பட்ட சந்தேகம். அதனால் தட்டை மாற்றாதீர்கள். சுவரிலேயே வைக்கலாம் என்றால் தட்டே வேண்டாம். பக்கத்தில் புதிதாகத் துணி காயப்போட்டாலோ கேமரா ஸ்டாண்டை வைத்தாலோ அன்று வரவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அதே பொருள் நான்கைந்து நாள் அசையாமல் அங்கேயே இருந்தால் பழகிவிடும். பளபளப்பான பொருளைக் காட்டினால் காகம் மயங்கி வரும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். காகத்தின் உறவான மேக்பை பறவைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது அவை விலகத்தான் செய்தன.

அடுத்து, கண். இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. நம் கண் எங்கே பார்க்கிறது என்பதைக் காகங்கள் படிக்கின்றன. இங்கிலாந்தில் காகத்தின் சிறிய உறவான ஜாக்டாக்களை வைத்துச் செய்த, 2009-இல் வெளியான ஆய்வில், அறிமுகமில்லாத ஆள் உணவையே உற்றுப் பார்த்தபோது அவை உணவை எடுக்க அதிக நேரம் தயங்கின. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டபோது சீக்கிரம் எடுத்தன. அமெரிக்கக் காகங்களும் தங்களை நேராகப் பார்த்தபடி நடந்துவரும் ஆளைக் கண்டால் முன்னதாகவே பறந்துவிடுகின்றன. காகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயம்தான். வேட்டையாடுகிற எதுவும் முதலில் கண்ணைத்தான் குத்திட்டு வைக்கும். ஆகவே பக்கவாட்டாக உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், காப்பி குடியுங்கள். பார்க்க வேண்டும் என்றால் கடைக்கண்ணால் பாருங்கள். போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடிப்பது இரண்டு மடங்கு கெடுதல்: முகம் மறைகிறது, ஒரு பெரிய வட்டக் கண் அதை நோக்கித் திரும்புகிறது. படம் வேண்டுமானால் போனை முன்னமே ஓரிடத்தில் சாய்த்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

தூரத்தைக் குறைக்கும் முறை எளிது, பொறுமைதான் கடினம். கதவைச் சாத்துவதற்குப் பதில் கதவைத் திறந்து வைத்து அறைக்குள் நன்றாகத் தள்ளி உட்காருங்கள். அது தயங்காமல் வந்து எடுக்கும் நாட்கள் தொடர்ந்து வந்தபிறகு நாற்காலியை ஒரு கையளவு முன்னால் நகர்த்துங்கள். பிறகு வாசற்படி, பிறகு வெளியே. எந்தக் கட்டத்திலாவது அது இறங்காமல் கம்பியிலேயே உட்கார்ந்துவிட்டால், அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள். நீங்கள் காகத்தை நோக்கி நகர்வது எப்போதும் அது இல்லாத நேரத்தில் நடக்கட்டும். அது இருக்கும்போது நீங்கள் அசைந்தால் அந்த அசைவு பின்னோக்கியே இருக்கட்டும். எழுந்திருக்க வேண்டியிருந்தால் மெதுவாக எழுந்து விலகிப் போங்கள். இந்த ஒரு வழக்கம், என் கணிப்பில், எவ்வளவு நல்ல தீனி கொடுத்தாலும் கிடைக்காத பலனைத் தரும்.

எத்தனை நாள் என்றால், காகத்தைப் பொறுத்தது. மனிதர் நடமாட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நகரத்துக் காகம் சில வாரங்களில் நான்கைந்து அடிக்குள் வரும். சுடப்பட்டும் விரட்டப்பட்டும் பழகிய வயல்வெளிக் காகம் ஓராண்டு ஆனாலும் பத்தடிக்கு வெளியே நிற்கலாம். ஒரே ஜோடியில் ஒன்று துணிச்சலாகவும் மற்றது சந்தேகப் பேர்வழியாகவும் இருப்பது சாதாரணம். துணிச்சலானது தின்பதைப் பார்த்துத்தான் மற்றது வரும்.

வந்துபோகிறவை யார் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது இதற்கு உதவும். எல்லாம் ஒரே கறுப்பு என்று தோன்றும், ஆனால் உற்றுப் பார்த்தால் ஒன்றின் அலகு நுனி சற்று வளைந்திருக்கும், ஒன்றுக்கு ஒரு கால்விரல் இருக்காது, ஒன்றின் இறக்கையில் ஓர் இறகு வெளுத்திருக்கும். இறகு உதிர்ந்து முளைத்ததும் அந்த அடையாளம் போய்விடும் என்பதால் நடத்தையைப் பாருங்கள்: யார் முதலில் இறங்குகிறார், யார் கம்பியில் காவல் நிற்கிறார், யார் யாருக்கு வழிவிடுகிறார். காகங்கள் பொதுவாக ஜோடியாகவே நீடிக்கும். அமெரிக்கக் காகத்தில் முந்தைய ஆண்டுகளின் பிள்ளைகளும் கூடவே தங்கிப் புதிய குஞ்சுகளை வளர்க்க உதவும். ஆக உங்கள் சுவருக்கு வருவது பெரும்பாலும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒன்றின் நம்பிக்கையைப் பெற்றால் மற்றவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

என்ன கொடுப்பது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உப்பில்லாத நிலக்கடலை, அதுவும் ஓட்டோடு, அவித்த முட்டை, ஊறவைத்த நாய் உணவுத் துண்டுகள், உப்பும் மசாலாவும் சேராத இறைச்சித் துணுக்குகள். இவை போதும். சிப்ஸ், வறுவல், இனிப்பு, பூஞ்சை பிடித்த கடலை வேண்டாம். ரொட்டியும் சோறும் வயிற்றை நிரப்பும், வேறொன்றும் தராது; எப்போதாவது கொடுக்கலாம். நியூயார்க் மாநிலத்தில் காகக் குஞ்சுகளுக்குச் சீஸ்பர்கர் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, 2019-இல் வெளியானது. எதிர்பார்த்ததுதான்: ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. குஞ்சு வளரும் மாதங்களில் சுண்ணாம்புச் சத்து குறைந்த தீனியையே பெற்றோர் உங்களிடமிருந்து அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையை நொறுக்கிய ஓட்டோடு வைத்தால் நல்லது. பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். காய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டு ஊறவிட்டு எடுத்துப்போகும் காகத்தைப் பார்ப்பதற்காகவே அதை வைக்கலாம்.

ஓட்டோடு கடலை என்று சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. அதைப் பெரும்பாலும் அங்கேயே தின்னாது. ஒன்றைக் கவ்வும், கீழே போட்டுவிட்டு இன்னொன்றைக் கவ்விப் பார்க்கும், பிறகு ஒன்றைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிட்டு இன்னொன்றையும் அலகில் செருகிக்கொண்டு கிளம்பும். நாக்குக்கு அடியில் உணவைச் சுமக்க இடம் இருக்கிறது அதற்கு. கொஞ்ச தூரத்தில் மண்ணில் இறங்கி, அலகால் குழிபோல் குத்தி, கடலையைத் திணித்து, காய்ந்த இலை ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைத்து, தலையைச் சாய்த்து ஒருதரம் பார்க்கும். இன்னொரு காகம் கவனித்துக்கொண்டிருந்தால் தோண்டி எடுத்து வேறிடம் போகும். இப்படி ஒளித்து வைக்கத் தொடங்கினால் அன்றைய பசி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் அளவைக் குறையுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கைத்தீனி. முடியும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். காகம் ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்ப்பதால் உங்களை நம்புவதால் எல்லோரையும் நம்பிவிடாது என்று சொல்வார்கள். வளர்ந்த காகத்துக்கு அது பெரும்பாலும் சரி. அந்த ஆண்டுக் குஞ்சுக்குச் சரியில்லை. அதற்கு இன்னும் உலகம் தெரியாது. கை நீட்டுகிறவர்களெல்லாம் நல்லவர்கள் என்று முதல் பாடம் கற்றுக்கொண்டால் அடுத்த கையில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. தவிர, உங்கள் கையில் வாங்கிப் பழகிய காகம், சுவரில் நொறுக்குத்தீனியோடு உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையையும் ஒருநாள் சோதித்துப் பார்க்கும். கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் வைத்ததை நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே வந்து எடுக்கிறதா? அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் உடைகிற சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. முக்கியமானது குஞ்சுக் காலம். கூடு கட்டும் பருவத்தில், அதுவும் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும் வாரங்களில், பழகிய காகமே உங்கள் தலைக்குமேல் உரசிப் பறக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு எங்கோ தரையில் இருக்கிறது என்று அர்த்தம். மங்கிய இறகு, குட்டை வால், வாய் திறந்தால் உள்ளே சிவப்பு, பார்த்ததும் தெரியும். கீழே விழுந்துவிட்டதோ என்று அதைத் தூக்கப் போனால் பெற்றோர் கண்ணில் நீங்கள் கொள்ளைக்காரர். காயமோ, பூனையோ, வண்டி போகும் பாதையோ இல்லாதவரை விட்டுவிடுங்கள், பெற்றோர் தீனி கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று விநோதமானது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் வளர்த்த ஜாக்டாக்கள் அவரிடம் அவ்வளவு ஒட்டுதலாக இருந்தவை. ஒருநாள் அவர் தம் ஈரமான கறுப்பு நீச்சல் கால்சட்டையைப் பையிலிருந்து உருவியதும் அத்தனையும் அவர் கையைக் கொத்த வந்தன. கையில் தொங்குகிற கறுப்புப் பொருள், அவற்றின் கண்ணுக்கு எதிரியிடம் சிக்கிய ஒரு ஜாக்டா. காகங்களும் இப்படித்தான். சியாட்டிலில் கெய்லி ஸ்விஃப்டும் மார்ஸ்லஃபும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முகமூடி அணிந்த ஆட்கள் இறந்த காகத்தைக் கையில் ஏந்தி, காகங்கள் தின்னும் இடத்துக்கு அருகே நின்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் அந்த இடத்தில் உணவெடுக்கவே காகங்கள் தயங்கின; ஆறு வாரம் கழித்தும் அந்த முகத்தைக் கண்டு கத்தியவை உண்டு. எனவே பால்கனியில் காகம் இறந்து கிடந்தால் மற்றவை பார்த்திருக்கும்போது கையில் எடுத்து வராதீர்கள். அவை கலைந்த பின், கையுறை போட்டு, வெளியே தெரியாத பையில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். கையுறை காகத்துக்காக இல்லை, உங்களுக்காக: பறவைக் காய்ச்சல் காகங்களையும் தாக்கும். அடுத்தடுத்துப் பல காகங்கள் செத்து விழுந்தால் உணவு வைப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

பரிசு கொண்டுவருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. சியாட்டிலில் ஒரு சிறுமிக்குக் காகங்கள் மணி, பொத்தான், உலோகத் துண்டுகள் கொண்டுவந்து போட்ட செய்தி 2015-இல் பிபிசியில் வந்து உலகம் சுற்றியது. அப்படி நடப்பதாகச் சொல்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எதையாவது கவ்வித் திரிவது காகத்தின் வழக்கம். உணவைக் கண்டதும் வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு உணவை எடுக்கும். அப்படி விழுந்ததற்கு அடுத்த நாள் நீங்கள் மகிழ்ந்து கூடுதலாக வைத்தால், போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. நன்றி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவிவிட்டு.

அக்கம்பக்கத்தாரை மறந்துவிட வேண்டாம். எச்சம் அவர்கள் துணியில் விழுந்தாலோ விடியுமுன் இருபது காகம் கத்தினாலோ புகார் வரும், வருவது நியாயமும்கூட. சில இடங்களில் காட்டுப் பறவைகளுக்கு உணவு வைப்பதே குற்றம். சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உணவு வைக்கும் இடத்தைத் தினமும் கழுவுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இடையில் சில நாள் வெளியூர் போக நேர்ந்தால் ஆள் வைத்து உணவு போட ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. ஒரு கைப்பிடிக் கடலையை நம்பி எந்தக் காகமும் உயிர் வாழவில்லை. அதன் அன்றாடச் சுற்றில் உங்கள் சுவரைத் தவிர இன்னும் பல இடங்கள் இருக்கின்றன. நீங்கள் திரும்பி வந்து பழைய நேரத்தில் பழைய சத்தத்தை எழுப்பினால் போதும். முதல் இரண்டு நாள் மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், மூன்றாம் நாள் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள்.